பதினேழு பெண்களும் பதினெட்டுச் சோம்பேறிகளும்

இரசாயனப் பாடத்தில் இரண்டு தரம் கோட்டை விட்டவனுக்கு யாராவது பெண் கொடுப்பார்களா? எனக்குக் கொடுத்தார்கள். முழுக்க என் தாய்மாமனின் வாய் செய்த வேலை அது. இரண்டாம் தரம் சோதனை எழுதிவிட்டு நான் முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் சம்பந்தம் பேசப் போனவர், "பொடியன் பாஸாகிட்டான் எண்டே வெச்சுக்கங்க" என்று சொல்லி, அங்கே வைத்த வட்டிலப்பத்தையும் வழித்துத் தின்றுவிட்டு வந்தார். நிக்காஹ் முடிந்த ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. மற்றப் பாடமெல்லாம் சித்தி. இரசாயனம் மறுபடியும் பெயில்.

சொந்த வீட்டில் பெயிலாவது ஒரு விதம். உம்மா அழுவா, வாப்பா ஏசுவார், இரண்டு நாளில் எல்லாம் ஆறிவிடும். மாமனார் வீட்டில் பெயிலாகிப் பார்த்தால்தான் தெரியும். நான் சொல்வது ஐம்பதுகளின் கதை. கல்முனைப் பக்கத்தில் எங்கள் ஆட்களிடையே மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். நானும் போயிருந்தேன். அங்கே நான் இருந்த கதிரை மாமாவுடையது, குடித்த தேத்தண்ணி மாமியுடையது, பெயில் மட்டும்தான் என்னுடையது.

மாமா பள்ளிவாசலில் ஒரு குடியின் மரைக்கார். வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன்: குடி என்பது எங்களிடம் தாய் வழியாக வருகிற வம்சம். உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. வாப்பாவின் குடி பிள்ளையில் ஒட்டவே ஒட்டாது. ஒரே குடிக்காரர் அண்ணன் தங்கை முறை என்பதால் அதற்குள் கலியாணமும் கிடையாது. குடிக்காகப் பள்ளிவாசலில் எழும்பிப் பேசுகிற தலைவர்தான் மரைக்கார். மாமாவின் தொண்டையும் அந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும்.

அந்தத் தொண்டையை அன்றைக்கு எனக்காகக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். "இன்னும் ஒருதரம் எழுதிப் பாருங்க மருமகன். அதுவும் செரி வரல்லெண்டா படிப்ப உட்டுட்டு சாகாமத்து வயலுக்குப் போங்க. அங்க நம்மட ஆக்களோட நிண்டு வெள்ளாமையப் பாருங்க."

சாகாமத்தில் மாமாவுக்குக் குளத்தின் கீழே வயல் இருந்தது. வயல் வாடியில் படுத்து, யானைக்கும் பன்றிக்கும் கூக்காட்டி, அட்டைக்கு இரத்தம் கொடுத்து, அறுவடை முடிந்துதான் ஊருக்கு வரலாம். அது கூடப் பரவாயில்லை. "வாத்தியாராகப் போறார் எண்டு கட்டிக் குடுத்த மாப்புள வயலுக்குக் காவல் நிக்கார்" என்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். என் மனைவியையும் சேர்த்துத்தான் சிரிக்கும். பாஸாகினால் ஆசிரியர் வேலை, இல்லையென்றால் சாகாமத்து அட்டை. எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

என் புத்தகம் அட்டை போன பழைய இங்கிலீஷ் புத்தகம். அதை வைத்துக்கொண்டு விறாந்தையில் நடந்து நடந்து சத்தமாகப் படிப்பேன். இங்கிலீஷில் ஒருதரம், எனக்கே விளங்கட்டும் என்று தமிழில் ஒருதரம். உள்ளே நிலத்தில் இருந்து என் மனைவி பன் என்கிற கோரைப் புல்லைக் கிழித்துப் பாய் இழைத்துக்கொண்டிருப்பாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்கு மேல் குமர்ப்பிள்ளை வெளியே போகக் கூடாது என்று நிற்பாட்டிவிட்டார்கள். நான் கத்துவதை அவள் கேட்கிறாளா இல்லையா என்று நான் கவனித்ததே இல்லை. கலியாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, நான் கவனித்ததெல்லாம் வேறு.

என்னை இரண்டு தரமும் விழுத்திய பாவி குளோரின். மற்ற அநேக அணுக்களுக்குப் பாரம் ஓரளவு முழு எண்ணாக இருக்க, இதற்கு முப்பத்தைந்தரை என்று போட்டிருக்கும். ஏன் அரை என்று சோதனையில் கேட்பான். முதல் தரம் நான், பாரம் நிறுத்தவர் பிழை விட்டிருப்பார் என்று எழுதினேன். இரண்டாம் தரம் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. அன்றைக்கும் அதே பக்கத்தில் வந்து நின்றேன். "ஒரே மூலகம். ஒரே இலக்கம். பாரம் மட்டும் வேறு. இவை ஐசோடோப்" என்று மூன்று தரம் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கதிரையில் எறிந்தேன்.

"ஒரே ஆள் எண்டுறான், மறுகா வேற வேற பாரம் எண்டுறான். இவன்ட தலையில இடி விழ!"

உள்ளே பன் கிழிபடுகிற சத்தம் நின்றது. "இஞ்சாருங்க, கோவிக்காதீங்க. ஒண்டு கேக்கட்டா?" என்றாள்.

"என்ன?"

"அந்த அணுவுக்கு இன்ன ஆள் எண்டு பேர் எத வெச்சு வருது?"

"புரோட்டன வெச்சு. உள்ளுக்குப் பதினேழு புரோட்டன் இருந்தா அது குளோரின். வேற என்ன கூடினாலும் குறைஞ்சாலும் அது குளோரின்தான்."

"அப்ப புரோட்டன் எண்டா பொம்புளைகள்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. கையில் பன்னோடு வாசற்படிக்கு வந்துவிட்டாள். "ஊட்டுல பொம்புளைகள் ஆரோ அதுதானே குடி? வெளிய இருந்து ஆர் வந்தாலும் போனாலும் குடி மாறாதே. செரி, வெளியால சுத்துறது என்ன?"

"எலெக்ட்ரன்."

"அதுகள்ற பாரம்?"

"கணக்குல எடுக்கத் தேவல்ல. அவ்வளவு லேசு."

"அதுகள்தான் ஆம்புளைகள். பள்ளிக்கும் கடலுக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் சுத்துறாங்க. ஊட்டுக்குள்ள பாரமே இல்ல." இப்போது அவளும் சிரித்தாள். "மறுகா உள்ளுக்கு வேற ஒண்டும் செல்லினீங்களே, நியூ... என்னது?"

"நியூட்ரன். உள்ளுக்கேதான் இருக்கும். பாரம் இருக்கு. ஆனா வெளியில உள்ளவனுக்கு அது இருக்கிறதே தெரியாது. குடியையும் மாத்தாது." 'குடி' என்ற சொல் என் வாயிலும் வந்துவிட்டதைச் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

"வெளிக்கிடாம ஊட்டுக்குள்ளயே கிடந்து திண்டு பாரத்தக் கூட்டுற ஆக்கள்" என்றாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒங்களப் போல."

பெயிலாகி வீட்டோடு கிடக்கிற புது மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற சொல்லா இது? சுர்ரென்று ஏறியது. ஆனால் அவள் அதற்குள் விரலை மடக்கத் தொடங்கியிருந்தாள்.

"ஒரு ஊட்டுல பதினேழு பொம்புளையும் பதினெட்டுச் சோம்பேறியும் எண்டா முப்பத்தஞ்சு. அதே குடியில இன்னொரு ஊட்டுல அதே பதினேழு பொம்புள, சோம்பேறி மட்டும் இருபது எண்டா முப்பத்தேழு. ரெண்டு ஊட்டுக்கும் குடி ஒண்டு, பாரம் வேற. இதுக்குப் போய்ப் பொத்தகத்த எறியிற?"

எறிந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். புத்தகத்தில் அப்படியே இருந்தது. பதினெட்டும் இருபதும். முப்பத்தைந்தும் முப்பத்தேழும்.

"அப்ப அந்த அர?" என்று கேட்டேன். இப்போது கேள்வி கேட்பவன் நானாகிவிட்டேன், அதையும் கவனியுங்கள்.

"எந்தப் பாரம் கூட இருக்கு எண்டு செல்லி இருக்கா?"

"நாலுல மூணு முப்பத்தஞ்சு. ஒண்டு முப்பத்தேழு."

அவள் கூட்டினாள். மூன்று முப்பத்தைந்து நூற்றைந்து. முப்பத்தேழும் சேர நூற்று நாற்பத்திரண்டு. நாலாகப் பிரித்தால் முப்பத்தைந்தரை. "ஒரு ஊட்டுலயும் அர மனிசன் இல்ல. கூட்டிப் பிரிச்சாத்தான் அர வரும்" என்று சொல்லிவிட்டு, விட்ட பன்னை இழைக்கப் போனாள்.

இரண்டு வருடமாக என் கழுத்தில் கிடந்த கல்லை, பாய் இழைக்கிற இடைவெளியில் கழற்றி வைத்துவிட்டாள். சந்தோஷப்பட வேண்டியவன் நான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அன்று இரவுச் சோற்றிலும் ஒரு கறியைக் குறை சொன்னேன்.

ஆனால் எரிச்சல் வேறு, சாகாமம் வேறு. அடுத்த நாளிலிருந்து நான் விறாந்தையில் கத்துவதை விட்டுவிட்டு உள்ளே பாய்க்குப் பக்கத்தில் இருந்து படித்தேன். ஒவ்வொரு பக்கமாகக் குடியும் கலியாணமுமாக மாற்றிக்கொண்டு போனோம். உப்புதான் மிகச் சிறப்பு. சோடியம் வீட்டில் ஒரு எலெக்ட்ரன் மிச்சம், குளோரின் வீட்டில் ஒன்று குறைவு. சோடியம் வீட்டுப் பொடியன் பெட்டியோடு குளோரின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறான். போனாலும் சோடியம் சோடியம்தான், குளோரின் குளோரின்தான். குடி ஒன்றும் கெடவில்லை. "நம்மட முறைதான்" என்று அவள் கைதட்டினாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவளுடைய முகத்தில் கலியாணத்தன்றுகூடக் காணவில்லை.

சோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் வினை வந்தது. குளோரின் வாயு பற்றிய பக்கம். நான் சாதாரணமாக வாசித்தேன்: "ஒரு குளோரினும் இன்னொரு குளோரினும் சேர்ந்திருக்கும்."

அவள் கையில் இருந்த பன் விழுந்துவிட்டது. "என்ன? குளோரினும் குளோரினுமா?"

"ஓம்."

"ஒரே குடிக்குள்ளயா?"

"பொத்தகத்துல அப்பிடித்தான் போட்டிருக்கு."

"அஸ்தஃபிருல்லாஹ்! அண்ணன் தங்கச்சி முறை! அது எப்பிடிச் சேரும்? நீங்க பிழையா வாசிக்கிறீங்க."

"பிழையில்ல. ஐதரசனும் அப்பிடித்தான். ஒட்சிசனும் அப்பிடித்தான். எல்லாம் தங்கட குடிக்குள்ளதான் சேருதுகள். போதுமா?" என்று நானும் சத்தமாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் குசினி வாசலில் மாமி நிற்பதைக் கண்டேன்.

மாமி மடைச்சி அல்ல. நாங்கள் அணுவைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது அவவுக்கு நன்றாகத் தெரியும். பத்துப் பதினைந்து நாளாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறா. அவவுடைய வழக்கே வேறு. மருமகனோடு நேரே கதைப்பது முறையில்லை என்பதால் மகளைப் பார்த்தே சொன்னா: "உன்ட மாப்புளைக்கிட்டச் செல்லு மகள். அணுவோ மனிசனோ, முறை எண்டு ஒண்டு இருக்கு. முறைகெட்ட படிப்பு இந்த ஊட்ட வேணாம். வயித்துல புள்ள தங்கிற நேரத்துல இதெல்லாம் கேக்கயும் கூடா."

சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்து, பழைய சாரன் துண்டில் சுற்றி, நெல் மூட்டைகளுக்கு மேலே முகட்டோடு வைத்துவிட்டா. ஏணி வைத்து எடுக்க எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மாமி ஒன்றை வைத்த இடத்திலிருந்து மருமகன் எடுப்பது எங்கள் ஊரில் நடக்காத காரியம். மாமா வந்தார், விசயத்தைக் கேட்டார், தாடியைத் தடவினார். பள்ளிவாசலில் எத்தனை குடி வழக்குத் தீர்த்தவர்! "மருமகன், இதுல மாமி செல்றதும் செரிதானே. ஒரே குடி எண்டா..." என்று இழுத்தார்.

"மாமா, அது காத்து!" என்று கத்தினேன். "கலியாணம் முடிக்க அதுக்கு நிக்காஹ் எழுத ஆளா இருக்கு?"

"காத்தா இருந்தா என்ன? நீங்கதானே அதுக்கும் குடி வெச்சீங்க?"

மூன்று நாள் புத்தகம் முகட்டில். நான் முற்றத்து மணலில் நடந்து திரிந்தேன். அந்த மூன்று நாளும் சாகாமத்து யானைகள் என் கனவில் வரிசையாக வந்து போயின. மனைவி என்னோடும் கதைக்கவில்லை, தாயோடும் கதைக்கவில்லை. அவளும் முறைகெட்ட படிப்பு என்றே முடிவு கட்டிவிட்டாள் என்று நினைத்து உள்ளுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலையில் மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்க, மாமி பரிமாற, அவள் வந்து நடுவில் நின்றாள். "வாப்பா, எங்கட கிணறு ஆர்ர?"

"இதென்ன கேள்வி? நமக்கும் உன்ட சாச்சிக்கும் பொது."

மாமியும் அவவுடைய தங்கையும் தாய் கொடுத்த ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்து வீடு. நடு எல்லையில் ஒரு கிணறு. ஆளுக்கு ஒரு கிணறு வெட்ட இடமில்லை.

"உம்மாவும் சாச்சியும் ஒரே குடிதானே?"

"ஓம்."

"பொதுக் கிணத்துல தண்ணி அள்ளுறது கலியாணமா?"

மாமா சோற்றுக் கையை நிறுத்தினார். அவள் விடவில்லை. "குளோரின் ஊட்டுல ஒரு எலெக்ட்ரன் குறையுது. பக்கத்துக் குளோரின் ஊட்டுலயும் ஒண்டு குறையுது. மாப்புள எடுக்க வேற குடி கிட்ட இல்ல. அப்ப ரெண்டு ஊட்டாரும் ஆளுக்கொண்டு போட்டு நடுவுல பொதுவா வெச்சுக்கிறாங்க. ஆரும் ஆரையும் கட்டல்ல. பொதுச் சாமானுக்காகப் பிரியாம இருக்காங்க, அவ்வளவுதான். இவர் வாசிக்கிற நேரம் 'சேர்ந்திருக்கும்' எண்டுதான் வாசிச்சார். கலியாணம் எண்டு நினைச்சது நான்தான்."

பிறகு மாமி, மகளைப் பார்த்தே, "கிணறு எண்டா செரி" என்றா. கொஞ்சம் பொறுத்து, "அங்கயும் வாளியத் திருப்பித் தராமச் சண்டை புடிக்கிறாங்களா எண்டு கேளு" என்றா. மாமாவுக்குப் புரைக்கேறியது. நான் ஏணியை எடுக்க ஓடினேன்.

மட்டக்களப்பில் போய்ச் சோதனை எழுதினேன். குளோரின் வந்தது. ஏன் முப்பத்தைந்தரை என்று வந்தது. வாயுவில் இரண்டு அணு எப்படிப் பிணைந்திருக்கின்றன என்றும் வந்தது. பெண்களையும் சோம்பேறிகளையும் கிணற்றையும் மனதில் வைத்துக்கொண்டு, புரோட்டன், நியூட்ரன், எலெக்ட்ரன் என்று இங்கிலீஷில் எழுதித் தள்ளினேன். மேசைக்கு முன்னால் மாமி நிற்பது போலவே இருந்தது.

முடிவு வந்த அன்று பின்னேரம் வீடு நிறைய ஆட்கள். இரசாயனம் சித்தி, அதுவும் திறமைச் சித்தி. மாமா மற்ற மரைக்கார்மாரைக் கூட்டி வந்து விறாந்தையில் இருத்திவிட்டார். சாகாமத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. "ஆர் மருமகன் ஒங்களுக்கு இதச் செல்லித் தந்த?" என்று ஒருவர் கேட்டார். உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பைகளின் சத்தம் கேட்டது. அவள் அங்கேதான் நின்றாள். "ஆரும் இல்ல. நானே யோசிச்சுப் படிச்ச" என்றேன். என் நாக்கு அதைச் சொன்ன வேகம் எனக்கே ஆச்சரியம். மாமா என்னைப் பார்த்தார். மரைக்கார்மாருக்கு முன்னால் அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

என்னோடு சோதனை எழுதிப் பெயிலான நிந்தவூர்க் கூட்டாளி ஒருவனும் வந்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "உன்ட பொத்தகத்தத் தாவன், எனக்கு ராசியா இருக்கும்" என்றான். உடனே கொண்டுவந்து கையில் கொடுத்தேன். கொடுத்தபோது தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது போல இருந்தது. அவன் நிந்தவூர் பஸ்ஸில் போய்விட்டான்.

ஆட்கள் கலைந்த பிறகு உள்ளே போனேன். கேட்பாள், அழுவாள், நான்தானே சொல்லித் தந்தேன் என்று சண்டை பிடிப்பாள் என்று நினைத்து, மூன்று விதமாகப் பதிலும் கட்டி வைத்திருந்தேன். அவள் பாயை விரித்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துவிட்டு, சந்தோஷமாக என்னைப் பார்த்தாள்.

"பொத்தகத்த எடுத்துட்டு வாங்க. இனி அவசரமில்லத்தானே, ஆறுதலாப் படிப்பம்."

"என்னத்தப் படிக்கிற? பாஸாகிட்டன் புள்ள."

"பாதிதானே படிச்ச நாம. மிச்சப் பக்கம் அவ்வளவும் கிடக்கே."

"அதக் கூட்டாளிக்கிட்டக் குடுத்துட்டன்" என்றேன். அவளுடைய முகம் மாறுவதைப் பார்த்ததும் அவசரமாக, "மிச்சப் பக்கம் சோதினைக்குத் தேவல்லாதது" என்றும் சொன்னேன்.

அவள் இழுத்து வைத்த விளக்கின் திரியைத் தணித்தாள். இரண்டு தரம் பெயிலாகி மாமனார் வீட்டுச் சோற்றைத் தின்றபோதெல்லாம் வராத வெட்கம் அப்போதுதான் எனக்கு வந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பாயைப் பார்த்தேன்.

"எனக்குச் சோதினை இல்லத்தானே" என்றாள். "எனக்கு அந்த மிச்சம்தான் வேணும்."